தட்டினால் விடு: எம்எம்ஏ பிறந்த கதை

டீக்கடை பெஞ்சில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. "ஏண்ணே, கம்பு சுத்துறவனும் கராத்தேக்காரனும் மோதுனா எவன் ஜெயிப்பாப்ல?" என்று ஒரு பையன் கிளப்பிவிடுவான். "கம்பு கையில இருக்கா இல்லையா, அத மொதல்ல சொல்லுடா" என்பார் பெரியவர். அப்புறம் குஸ்திக்காரர் உள்ளே வருவார், ப்ரூஸ் லீ வருவார், முகமது அலி வருவார். டம்ளர் காலியாகும், தீர்ப்பு மட்டும் வராது.

இந்த வழக்கு எங்கள் போடிநாயக்கனூருக்கு மட்டும் சொந்தமில்லை. ரியோவில் நடந்தது, டோக்கியோவில் நடந்தது, லாகூரில் நடந்தது. சில ஊர்களில் சிலர் பேசிப் பேசிச் சலித்துப்போய், "வா, இறங்கியே பார்த்துவிடுவோம்" என்று கோதாவைக் கட்டினார்கள். அப்படி இறங்கிப் பார்த்ததில் பிறந்த விளையாட்டைத்தான் இன்று எம்எம்ஏ என்கிறோம், கலப்புத் தற்காப்புக் கலை. நின்று குத்தலாம், உதைக்கலாம். இடுப்பைப் பிடித்துத் தூக்கிப் போடலாம். விழுந்தபின் தரையிலும் சண்டை தொடரும்.

கைபேசியில் இரண்டு நிமிடம் பார்ப்பவருக்கு இது தெருச்சண்டையாகத் தெரியும். ஆனால் இந்த விளையாட்டை வளர்த்தது அடியைவிட ஒரு சின்னத் தட்டு. மாட்டிக்கொண்டவன் எதிராளியின் தோளிலோ தரையிலோ இரண்டு தட்டுத் தட்டினால், பிடித்தவன் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் முழுக் கதையும் கிடைத்துவிடும்.

ஆமூர் மல்லனும் ஒலிம்பியா வீரனும்

கலப்பு ஒன்றும் புதிதில்லை. புறநானூற்றின் 80ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். சோழன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். வீரத்தைப் பொதுவாகப் புகழ்ந்துவிட்டுப் போகாமல், கால் எங்கே இருந்தது என்றே சொல்கிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, மறு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்துப் பின்புறம் வளைகிறது. நேரில் பார்த்தவரின் வர்ணனை அது. இன்றைய பயிற்சியாளர் மாணவனைத் தரையில் அமுக்கிவைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான்: ஒரு முழங்கால் மேலே, ஒரு கால் தப்பும் வழியை அடைக்க. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்ற பட்டம் இருந்தது. மற்போர் அறிந்திருப்பது அரசனுக்கே பெருமையாக இருந்த காலம்.

கிரேக்கர்கள் இதைப் போட்டியாகவே நடத்தினார்கள். கி.மு. 648இல், 33ஆம் ஒலிம்பிக்கில் பங்க்ரேஷன் சேர்க்கப்பட்டது. குத்து, உதை, பிடி, நெரி எல்லாம் உண்டு. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் மட்டும் கூடாது. கி.மு. 564இல் அர்ரிகியோன் என்ற வீரனின் கழுத்தை எதிராளி இறுக்கிப் பிடித்துவிட்டான். மூச்சுத் திணறும் நிலையிலும் அர்ரிகியோன் எதிராளியின் காலைத் திருகினான். வலி பொறுக்காமல் எதிராளி தோல்விக்கு அடையாளம் காட்டிவிட்டான். அதற்குள் அர்ரிகியோன் உயிர் போய்விட்டது. நடுவர்கள் பிணத்துக்கு வெற்றி மாலை சூட்டினார்கள். தோல்வியை ஒப்புக்கொள்ளும் சைகை அன்றே இருந்தது. ஒருவன் அதைக் காட்டினான், வீட்டுக்குப் போனான். மற்றவன் காட்டவில்லை.

பின்னால் வந்த நூற்றாண்டுகளில் இந்தக் கலப்பு மறைந்து, சண்டைக் கலைகள் தனித்தனியாகவே வளர்ந்தன. கையை மட்டும் எடுத்துக்கொண்டது குத்துச்சண்டை. பிடியை மட்டும் எடுத்துக்கொண்டது மல்யுத்தம். நம் பக்கம் கம்புக்குச் சிலம்பம், கைக்குக் குத்து வரிசை, பூட்டுக்குப் பிடி வரிசை, உயிர்நிலைக்கு வர்மம் என்று தனித்தனிப் பாடமானது. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி வாத்தியார், தனிப் பெருமை. "எங்கள் வித்தைதான் உசத்தி" என்ற பேச்சு அங்கே தொடங்கியது.

கொல்லும் பிடியை எடுத்துவிட்டார் கானோ

அந்தப் பேச்சைச் சோதிக்க வழி கண்டவர் ஜப்பானில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்ற ஜூடோ பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அவர் படித்தது பழைய ஜுஜுட்சு. விரலை ஒடிப்பது, கண்ணைக் குத்துவது, விதையில் உதைப்பது எல்லாம் அதில் உண்டு. இவற்றை எப்படிப் பழகுவது? நண்பனின் கண்ணை நிஜமாகக் குத்த முடியாது. குத்துவதுபோல் பாவனை செய்யலாம், அவன் விழுவதுபோல் பாவனை செய்வான். வருஷக்கணக்கில் இப்படிப் பழகினாலும், திமிறுகிற ஒருவனிடம் அது பலிக்குமா என்று இருவருக்குமே தெரியாது.

கானோ ஆபத்தான அடிகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து நீக்கினார். எறிவது, அமுக்குவது, கழுத்தை இறுக்குவது, முழங்கையைப் பூட்டுவது மட்டும் மிச்சம். மாட்டினால் தட்டு, தட்டினால் விடு. ஆகவே அவர் மாணவர்கள் முழுப் பலத்தோடு, எதிர்க்கிற ஆளோடு, தினமும் மோத முடிந்தது. 1880களில் டோக்கியோ காவல் துறை நடத்திய போட்டிகளில் கானோவின் பையன்கள் பழைய பள்ளிகளின் ஆட்களைப் புரட்டி எடுத்தார்கள். கொல்லும் வித்தையைப் பாடமாக மட்டும் வைத்திருந்தவன், கொல்லாத வித்தையைத் தினமும் பழகியவனிடம் மண்ணைக் கவ்வினான்.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் எம்எம்ஏ பாதி புரிந்த மாதிரி. நம் வர்ம ஆசான்கள் படுவர்மம், தொடுவர்மம் என்று 108 இடங்களைக் கணக்கிட்டு, பல வருஷம் கூடவே கிடந்த சீடனுக்குத்தான் சொல்வார்கள். வைத்தியத்துக்கு அந்த அறிவின் மதிப்பு வேறு. ஆனால் ஓடுகிற, குதிக்கிற, திருப்பி அடிக்கிற ஆளின் மேல் அந்தப் புள்ளியைத் தொட முடியுமா என்பது ரகசியமாக இருக்கும்வரை தெரியாது. வெளிச்சத்தில் தோற்கத் தயாரான கலை மட்டுமே வளர்ந்தது.

பெலெமிலிருந்து ரியோவுக்கு

கோடோகான் மாணவர் மித்சுயோ மயேதா 1904இல் ஜப்பானை விட்டுக் கிளம்பினார். அமெரிக்கா, ஐரோப்பா, கியூபா, மெக்சிகோ என்று ஊர் ஊராகப் போய் மல்யுத்தக்காரர்களோடும் குத்துச்சண்டைக்காரர்களோடும் மோதினார். 1914இல் பிரேசில் வந்து, பின் பெலெம் நகரில் தங்கிவிட்டார். அவர் வழியில் வந்த பாடத்தைக் கார்லோஸ் கிரேஸி என்ற இளைஞர் கற்றார். 1925இல் கிரேஸி குடும்பம் ரியோவில் பயிற்சிக்கூடம் திறந்தது.

கார்லோஸின் தம்பி எலியோ மெலிந்த உடம்புக்காரர். பலசாலியைத் தூக்கி எறிய அவரால் ஆகாது. கீழே விழுந்த பிறகு என்ன செய்யலாம் என்பதில்தான் அவர் புத்தி ஓடியது. மல்லாந்து கிடப்பவன் தோற்றான் என்பதே உலக வழக்கு. நம் குஸ்தியிலும் முதுகில் மண் ஒட்டினால் கதை முடிந்தது. கிரேஸிகள் அந்த நிலையிலிருந்தே சண்டையைத் தொடங்கினார்கள். மேலே இருப்பவனின் இடுப்பைக் கீழே இருப்பவன் இரண்டு காலாலும் பின்னிக்கொள்கிறான். இதற்குக் கார்ட் என்று பெயர். இப்போது மேலே இருப்பவன் குத்த நினைத்தால் எட்டாது. எட்டிக் குத்தக் கையை நீட்டினால் அந்தக் கை மாட்டும். கீழே இருப்பவன் இடுப்பைப் பக்கவாட்டில் திருப்பி, காலைத் தோளுக்கு மேல் போட்டால், நீட்டிய முழங்கை பூட்டுக்குள் வந்துவிடும்.

இந்த வித்தையை நிரூபிக்க அவர்கள் எவரையும் கூப்பிட்டார்கள். எது வேண்டுமானாலும் செய்யலாம் என்ற பொருளில் பிரேசிலில் அந்தச் சண்டைகளை வாலே துடோ என்றார்கள். எல்லாச் சண்டையிலும் ஜெயிக்கவில்லை. 1951 அக்டோபர் 23 அன்று மரக்கானா மைதானத்தில் ஜப்பானிய ஜூடோ மன்னர் மசாஹிகோ கிமுரா எலியோவின் கையை முறுக்கிப் பூட்டினார். எலியோ தட்டவில்லை, எலும்பு உடைந்தது. அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். தோற்ற கிரேஸிகள் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. தங்களைத் தோற்கடித்த பூட்டுக்கு ஜெயித்தவரின் பெயரையே வைத்துப் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் உலகம் முழுக்க அது கிமுராதான்.

கர்லாக்கட்டை போன பாதை

இன்னொரு கிளை நம் நாட்டிலிருந்து போனது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை மூன்றும் இந்திய மல்லர்களின் அன்றாடச் சாப்பாடு. நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளிலும் இவைதான் அரிச்சுவடி. கர்லாக்கட்டையைப் பார்த்து வியந்த ஆங்கிலேய ராணுவத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது தனிப் போட்டியாகவே இருந்தது.

அந்தப் பயிற்சியின் பலத்தை உலகத்துக்குக் காட்டியவர் காமா பயில்வான். 1910இல் லண்டனுக்குப் போனார். செப்டம்பர் 10 அன்று போலந்து மல்லர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ள, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்தும் முடிவில்லை. மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவே இல்லை, பட்டம் காமாவுக்குப் போனது. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் இறங்கினார்கள். ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஸ்கோவின் முதுகு மண்ணைத் தொட்டது.

பெல்ஜியத்தில் பிறந்த கார்ல் காட்ச் என்ற மல்லர் இங்கிலாந்தின் விகன் நகரில் பூட்டுப் பிடிகளைக் கற்றவர். இந்தியத் தண்டாலையும் பஸ்கியையும் கட்டையையும் தன் பயிற்சியாக்கிக்கொண்டார். ஜப்பானுக்குப் போய் அங்கே ஆசானானார். இந்துப் பஸ்கி என்ற பெயரிலேயே அது ஜப்பானிய மல்லர்களின் அடிப்படைப் பாடமாயிற்று. அவரிடம் கற்றவர்களில் ஒருவர் அன்டோனியோ இனோக்கி.

1976 ஜூன் 26 அன்று டோக்கியோவில் இனோக்கியும் உலகக் குத்துச்சண்டை சாம்பியன் முகமது அலியும் மோதினார்கள். டீக்கடை வழக்குக்கு அன்றைக்குத் தீர்ப்பு வந்துவிடும் என்று உலகமே காத்திருந்தது. இனோக்கி 15 சுற்றிலும் பெரும்பாலும் தரையில் மல்லாந்துகொண்டு அலியின் காலையே உதைத்தார். அலியால் விரல்விட்டு எண்ணும் குத்துகளைத்தான் போட முடிந்தது. சமன் என்று அறிவித்தார்கள், பார்த்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் வீங்கிப்போன அலியின் கால் ஒன்றைச் சொன்னது: ஒருவன் நிற்க மறுத்தால், நிற்கும் கலையில் உலக சாம்பியனும் தடுமாறுவான். அதே வருஷம் டிசம்பரில் இனோக்கி கராச்சியில் அக்ரம் பயில்வானோடு மோதினார். அக்ரம், காமாவின் தம்பி இமாம் பக்ஷின் மகன். கைப்பூட்டில் மாட்டிய அக்ரம் தட்டவில்லை, கை போனது. காமாவின் வீட்டுப் பயிற்சியில் ஊறிய காட்சின் சீடன், காமாவின் வீட்டுப் பிள்ளையையே வீழ்த்திய நாள் அது.

காட்ச் வழிவந்த ஃபுனாக்கியும் சுசுகியும் 1993 செப்டம்பரில் பாங்க்ரேஸ் என்ற நிஜப் போட்டி அமைப்பைத் தொடங்கினார்கள். கிரேக்கப் பங்க்ரேஷனை நினைவூட்டும் அந்தப் பெயரைச் சொன்னவரும் காட்ச்தான்.

இடையில் ப்ரூஸ் லீயையும் சொல்ல வேண்டும். 1973இல் வந்த என்டர் தி டிராகன் படத்தின் முதல் சண்டையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். லீயும் சாமோ ஹங்கும் விரல் திறந்த சின்னக் கையுறை போட்டிருப்பார்கள். குத்து, உதை, தூக்கிப் போடல், கடைசியில் தரையில் ஒரு பூட்டு. சாமோ ஹங் தட்டுவார். இந்த விளையாட்டு பிறப்பதற்கு 20 வருஷம் முன்பே அதன் படம் வந்துவிட்டது.

டென்வர், 1993

1993 நவம்பர் 12. அமெரிக்காவின் டென்வர் நகரம். எலியோவின் மகன் ரோரியன் கிரேஸியும் விளம்பரத் தொழிலில் இருந்த ஆர்ட் டேவியும் சேர்ந்து யுஎஃப்சி என்ற அமைப்பின் முதல் போட்டியை நடத்தினார்கள். கம்பி வலை அடித்த எண்கோணக் கூண்டு, எட்டு வீரர்கள், ஒரே இரவு, 50,000 டாலர் பரிசு. எடைப் பிரிவு கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைக் குத்தக் கூடாது. 2,600 வருஷத்துக்கு முன் ஒலிம்பியாவில் இருந்த அதே இரண்டு தடைகள்.

முதல் சண்டையில் ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ள சூமோ வீரர் டெய்லா துலி, டச்சுக்காரர் ஜெரார்ட் கோர்டோ மேல் பாய்ந்தார், நிலைகுலைந்து விழுந்தார். முகத்தில் விழுந்த உதையில் பல் பறந்தது. 26 நொடியில் முடிந்தது. குத்துச்சண்டைக்காரர் ஆர்ட் ஜிம்மர்சன் ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார். எதிரே மெலிந்த ராய்ஸ் கிரேஸி, ரோரியனின் தம்பி. ராய்ஸ் அவரைத் தரையில் சாய்த்து மேலே ஏறி உட்கார்ந்ததும், ஒரு குத்தும் வாங்காமலே ஜிம்மர்சன் தட்டிவிட்டார். அடுத்து, ஜப்பானில் பாங்க்ரேஸ் ஆடிவிட்டு வந்த கென் ஷாம்ராக். கடைசியில் கோர்டோ. இருவருக்கும் கழுத்துப் பூட்டு. அந்த இரவு மூன்று பேரை ஜெயித்த ராய்ஸின் எடை சுமார் 80 கிலோ.

போடி ஏலக்காய் ஏல மையத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இரவைச் சுலபமாக விளக்கலாம். மலைமேல் இருக்கும்வரை ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் தன் காய்தான் முதல் தரம். மாதிரி ஏல அறைக்கு வந்துவிட்டால், வியாபாரி அதை உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், திரையில் விலை ஏறும் அல்லது நிற்கும். தோட்டத்தின் பெயரும் முதலாளியின் பேச்சும் அங்கே எடுபடாது. டென்வர் கூண்டு சண்டைக் கலைகளின் ஏல அறை. அதுவரை "குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை" என்று சொல்லித் தப்பிய கலைகளுக்கு அங்கே அந்த வசதி இல்லை.

சேவல்கட்டு என்றார்கள்

விதியே இல்லை என்று விளம்பரம் செய்து டிக்கெட் விற்றதற்குத் தண்டனையும் கிடைத்தது. 1996இல் செனட்டர் ஜான் மெக்கெய்ன் இதை மனிதச் சேவல் சண்டை என்றார். எல்லா மாநில ஆளுநர்களுக்கும் தடை கேட்டுக் கடிதம் எழுதினார். கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்பைக் கைவிட்டன. விளையாட்டு சாகும் நிலைக்கு வந்தது.

காப்பாற்றியவை விதிகள். 1997இல் எடைப் பிரிவும் கட்டாயக் கையுறையும் வந்தன. 2000, 2001இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பொது விதிகள் உருவாயின. ஐந்து நிமிடச் சுற்று மூன்று, பட்டப் போட்டிக்கு ஐந்து. தலையால் முட்டக் கூடாது, பின்மண்டையில் அடிக்கக் கூடாது, விழுந்தவன் தலையில் உதைக்கக் கூடாது. மருத்துவர் கூண்டருகே இருக்க வேண்டும், நடுவர் எந்த நொடியும் நிறுத்தலாம். 2001 ஜனவரியில் 20 லட்சம் டாலருக்குக் கைமாறிய யுஎஃப்சி, 2016இல் சுமார் 400 கோடி டாலருக்குப் போனது. கடைசிவரை முரண்டு பிடித்த நியூயார்க்கும் அதே வருஷம் அனுமதி தந்தது.

எங்கள் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை கேட்ட மாதிரியே இருக்கும். 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 மெரினா போராட்டத்துக்குப் பிறகு அதை அனுமதிக்கும் சட்டம் வந்தது, 2023இல் நீதிமன்றம் அதை ஏற்றது. இன்று அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் மாட்டுக்கும் ஆளுக்கும் மருத்துவப் பரிசோதனை, இரட்டைத் தடுப்பு, திமிலை ஒருவர் மட்டுமே அணைய வேண்டும் என்ற கட்டுப்பாடு. ஆபத்தான விளையாட்டை வீரம் காப்பாற்றாது, விதிதான் காப்பாற்றும்.

பயிற்சி மாறிய விதம்

ராய்ஸ் ஜெயித்த ரகசியம் நிலைக்கவில்லை. எல்லோரும் கிரேஸிகளின் கலையான ஜியு ஜிட்சுவைக் கற்றார்கள். அடுத்து மல்யுத்தக்காரர் மார்க் கோல்மன் வந்தார். அவர் எதிராளியைச் சாய்த்து மேலிருந்தபடியே குத்தினார். 1997இல் முதல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அதே வருஷம் கிக்பாக்ஸர் மாரிஸ் ஸ்மித், விழுந்தால் பொறுமையாகத் தாங்கி, எழுந்து நின்று உதைத்து, கோல்மனை மூச்சு வாங்க வைத்து ஜெயித்தார். ஒரே கலைக்காரன் ஜெயிக்கும் காலம் ஐந்தாறு வருஷத்துக்குள் முடிந்தது. அதன் பின் வந்த பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தார்கள்.

இன்று ஒரு நல்ல பயிற்சிக்கூடத்தில் வாரம் இப்படிப் போகும்: ஒரு நாள் பேட் அடித்துக் குத்தும் உதையும், ஒரு நாள் எதிராளியைக் கீழே சாய்க்கும் டேக்டவுன், அதைத் தடுக்கக் காலைப் பின்னே வீசி மார்பால் அழுத்தும் ஸ்ப்ரால், இரண்டு நாள் தரைப் பிடி. வலுப் பயிற்சி தனி. ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டை உண்டு, ஆனால் தலையில் முழு பலத்தோடு அடிக்கும் ஸ்பாரிங்கை விவரம் தெரிந்த பயிற்சியாளர் மிகக் குறைவாகவே அனுமதிப்பார். தரைப் பிடியைத்தான் தினம் பழகலாம், தட்டு இருப்பதால்.

ராய்ஸ் போட்ட அந்தக் கழுத்துப் பூட்டையே எடுத்துக்கொள்வோம். பின்னாலிருந்து ஒரு கை கழுத்தைச் சுற்றுகிறது. முழங்கை மடிப்பு நேராகத் தாடைக்குக் கீழே வருகிறது. அந்தக் கையின் உள்ளங்கை தன்னுடைய மறு கையின் புஜத்தைப் பிடிக்கிறது, மறு உள்ளங்கை எதிராளியின் பின்மண்டைக்குப் போகிறது. இப்போது மார்பை விரித்து இறுக்கினால், மூச்சுக்குழாய் முழங்கை மடிப்பின் இடைவெளியில் தப்பிக்கொள்ளும், கழுத்தின் இரு பக்கமும் ஓடும் ரத்தக்குழாய்கள் அமுங்கும். வலி அதிகம் இருக்காது. பத்து நொடி வாக்கில் நினைவு தப்பும். விடாமல் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் புதிதாகச் சேர்ந்தவனுக்கு இந்தப் பூட்டைச் சொல்லிக்கொடுப்பதற்கு முன், தட்டுவதையும் தட்டினால் விடுவதையும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நம்மவர்கள்

இந்தியாவில் 2012இல் சூப்பர் ஃபைட் லீக் தொடங்கியது. 2017 நவம்பரில் பரத் கண்டாரே ஷாங்காயில் யுஎஃப்சி கூண்டுக்குள் இறங்கினார். 2024 ஜூனில் உத்தரப் பிரதேசத்துப் பூஜா தோமர் யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் வூஷூவில் தேசியச் சாம்பியனாக இருந்தவர்.

தமிழர் கதை மலேசியாவில் இருக்கிறது. கோலாலம்பூர்க்காரர் அகிலன் தாணி பருமனான உடம்பைக் குறைக்கப் பயிற்சிக்கூடம் போனவர். அங்கேயே தங்கி வீரராகிவிட்டார். 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற அமைப்பின் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு அமெரிக்கர் பென் ஆஸ்க்ரனோடு மோதினார். ஆஸ்க்ரன் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் ஆடியவர். முதல் சுற்றிலேயே அகிலனைத் தரையில் அமுக்கிக் கழுத்தைப் பூட்டிவிட்டார். தோல்விதான். ஆனால் ஒரு தமிழ்ப் பையன் உலகப் பட்டத்துக்கு மோதினான் என்பதோடு, தட்டியவன் மறுபடி கூண்டுக்குத் திரும்பிப் பல சண்டை ஆடினான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே ஒன் அமைப்பில் வேறொரு பாடமும் உண்டு. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான்பிங், எடைப் பிரிவுக்குள் வர உடம்பின் நீரை வற்றவைத்ததில் இறந்துபோனார். அதன் பிறகு அந்த அமைப்பு நீரிழப்பை அளந்து பார்க்கும் விதியைக் கொண்டுவந்தது. "ரெண்டு நாள் தண்ணி குடிக்காத" என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து ஓடிவிடுவதே நல்லது.

போடிப் பையனுக்கு

இந்த ஊரில் எம்எம்ஏ கற்க விரும்பும் பையனுக்கும் பெண்ணுக்கும் பாதிச் சாமான் வீட்டிலேயே இருக்கிறது. காமா எடுத்த தண்டாலுக்கும் காட்ச் எடுத்த பஸ்கிக்கும் காசு கிடையாது. சிலம்ப வாத்தியார் சொல்லித்தரும் சுவடு, எம்எம்ஏ வீரனுக்கு வேண்டிய முதல் சொத்தான கால் நடையைத் தரும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் போட்டியும் எதிர்க்கும் ஆளோடு பழகும் பழக்கத்தைக் கொடுக்கும்.

மூச்சுக்கு மலை இருக்கிறது. முந்தலிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். ஏற்றத்தில் ஓடினால் மூட்டில் விழும் அடி சமதளத்தைவிடக் குறைவு, நெஞ்சுக்கும் தொடைக்கும் வேலை அதிகம். ஆனால் அந்தச் சாலையில் விடியற்காலையில் ஓடாதீர்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகள் வளைவில் உங்களுக்காக வேகம் குறைக்காது. பரமசிவன் மலைக்கோயில் ஏற்றமே போதும்.

இல்லாதது ஒன்றுதான்: எதிர்க்கும் ஆளோடு பாதுகாப்பாக மோதும் இடம். அது அமையும்போது பெற்றோர் நாலு விஷயத்தைப் பார்த்தால் போதும். தரையில் தடித்த மேட் விரித்திருக்கிறதா? பல்லுக்குக் காப்பு போடச் சொல்கிறார்களா? தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே உட்காரவைத்து மருத்துவரிடம் அனுப்புகிறார்களா? வாத்தியார் தானும் மாணவரோடு உருண்டு, மாட்டினால் தட்டுகிறாரா? கடைசிக் கேள்விதான் முக்கியம். தட்டத் தெரியாத வாத்தியாரிடம் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். தட்டத் தெரிந்தவர் கிடைத்தால், அவர் சிலம்பம் சொல்லிக்கொடுத்தாலும் சரி, ஜூடோ சொல்லிக்கொடுத்தாலும் சரி, நாளைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.